பச்சை உடம்புக்குத் தண்ணீர்

12 ஜூன் 1959, வெள்ளி

சிங்கப்பூர் தேக்காவில் நான் பிரசவம் பார்த்த வீட்டுக்கு இன்று மறுபடி போனேன். பெற்றவளுக்கு உதடெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. பால் சுரக்கவில்லை. பிள்ளை கத்திக்கொண்டே இருக்கிறது. மூன்று நாளாக அவளுக்குக் குடிக்கத் தண்ணீரே கொடுக்கவில்லையாம்.

“பச்சை உடம்பு மிஸ்ஸி, தண்ணி குடிச்சா வயிறு ஊதிடும் லா,” என்றான் புருஷன். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி, மண்டைக்குள் களிமண். அவன் கையில் மட்டும் ஐஸ் போட்ட பார்லித் தண்ணீர்.

எத்தனை சொல்லியும் இளித்துக்கொண்டே நின்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கிளாசைப் பிடுங்கி அவளிடம் கொடுத்தேன். மடமடவென்று குடித்தவள், பாதியில் நிறுத்தி, மீதியை அவனிடமே பயந்து பயந்து நீட்டினாள்.

அவனும் வாங்கிக் குடித்தான், தடிமாடு.