அஃப்னான், என் கணினியைத் தொடாதே

பஃபலோ ரோடு,
சிங்கப்பூர்.

அன்பு மகன் அஃப்னானுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவுக்கும் எனக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் நன்றாக இல்லை, காரணம் நீ. மெல்பர்னில் குளிர் அதிகமாம், தலைக்கு எதையாவது போட்டுக்கொண்டு வெளியே போ.

போனில் சொன்னால் "ஒரு நிமிஷம் உம்மா, நானே பாக்குறேன்" என்று அங்கிருந்தபடியே என் கணினிக்குள் நுழைந்துவிடுவாய், தாளுக்குள் நுழைய முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம். நான் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் தமிழ் மென்பொருள் பழையது, புதிய சிஸ்டத்தில் ஓடாது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். அதற்கு மாறச் சொல்லும் அப்டேட்டோ தினமும் வந்து இப்போதா பிறகா என்று கேட்கிறது, வேண்டாம் என்று சொல்ல ஒரு பட்டன் இல்லை. நம் ஆட்களிடம் பிறகு பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள், அதற்கு அந்த இங்கிதம் தெரியாது, மறுநாள் காலையில் வந்து நிற்கும். கடைசியில் பக்கத்து வீட்டுத் திலீப் வந்து, எங்கள் இணையம் அளந்து அளந்து காசு கட்டுகிற இணைப்பு என்று அதனிடம் ஒரு பொய்யைப் பதிந்துவைத்தான், "இனிமே பெருசா எதையும் இறக்காது லா, ஆன்ட்டி" என்றான். அல்லாஹ் மன்னிக்கட்டும், இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

நீ போன வாரம் உள்ளே வந்து, யாரோ தப்பாக மாற்றிவிட்டார்கள் என்று அதை எடுத்துவிட்டு, பாதுகாப்பு உம்மா பாதுகாப்பு என்று புதியதையும் ஏற்றிவிட்டுப் போய்விட்டாய், என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? மறுநாள் என்னோடு படித்த ஷமீமா வந்தாள், அவள் மகளுக்கு நிக்காஹ், முந்நூறு பத்திரிகை, வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அடித்து வைத்திருந்ததைத் திறந்தால் மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் வரிசையாகக் கட்டம். பெயரில்லாத மாப்பிள்ளைக்கா பெண் கொடுப்பது என்று அவள் சிரித்தாள், எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பத்திரிகையும் நான் தாமதமாகக் கொடுத்ததில்லை. ஏற்றிப் பத்து நாளைக்குள் என்றால் பழையதற்கே திரும்பலாம் என்று திலீப்தான் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து மீட்டுக்கொடுத்தான், பத்திரிகையும் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது.

நல்லதுக்குத்தான் செய்தாய், தெரியும். ஆனால் அது என் பிழைப்பு, உன் விளையாட்டுச் சாமான் இல்லை. இப்போது இணைய ஒயரையே பிடுங்கி வைத்துவிட்டேன். போனின் சின்னத் திரையில் உன் முகம் எனக்குச் சரியாகத் தெரிவதில்லை, அதுதான் கஷ்டம்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும், வேளைக்குச் சாப்பிடு. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஒயரைச் செருகுவேன், கணினியின் பெரிய திரையில் உன் முகத்தைப் பார்க்க வேண்டும், மறக்காமல் வா. பேசி முடிக்கும்வரை இரண்டு கையையும் எனக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்.

துஆவுடன்,
உன் உம்மா ஜரீனா