தம்பி எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வது

அன்பு மகளுக்கு,

இங்கே மூவரும் சுகம், என் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன மாதம் லீவு போட்டு வந்து தம்பியை அரசின் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் கூட்டிப்போய்க் காட்டினாயே, அப்போது பெட்ரோல் வீண் என்றுதான் சொன்னேன், இப்போது சொல்கிறேன், நன்றியம்மா.

இரண்டிலும் அவனுக்கு இடம் கிடைத்தது உனக்குத் தெரியும். பெரியதில் நூறு பேர் கேட்டால் பத்துப் பேருக்குத்தான் இடம், நான் வேலை பார்க்கும் சின்னதில் எழுபது பேருக்குக் கதவு திறக்கும். அந்தப் பெரியது என்னை இரண்டு முறை வேலைக்கான நேர்காணலுக்குக் கூப்பிட்டு வாசலோடு அனுப்பியது, அதே வாசலில் என் மகன் நிமிர்ந்து நுழையவேண்டும் என்று எனக்கு எத்தனை நாள் ஆசை, ஆகவே எங்கே சேர்கிறாய் என்று அவனை நான் கேட்கவே இல்லை. நாளை மாலையோடு கெடு முடிகிறது, அதனால்தான் தபாலை விட்டு மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

இடம் கிடைத்தும் பதில் சொல்லாத மாணவர்களை ஆசிரியர்களே ஃபோனில் கூப்பிட்டுப் பேசுவது எங்களிடம் வழக்கம். தம்பியின் பெயர் எங்கள் துறைத் தலைவருக்குப் போயிருக்கிறது, நீங்கள் இருவரும் வெண்ணெய் என்று பெயர் வைத்தீர்களே அவரேதான், எனக்கு வரவேண்டிய நாற்காலியில் இத்தனை வருடமாக உட்கார்ந்திருப்பவர். விண்ணப்பத்தில் தம்பியின் எண்ணுக்குப் பதில் நான் என் எண்ணைக் கொடுத்திருந்தேன், அவர் துறைத் தொலைபேசியிலிருந்து கூப்பிட, அடுத்த அறையில் என் சட்டைப்பையில் மணி அடித்தது. வணக்கம் தம்பி, நம்மகிட்ட சேர யோசிக்கிறீங்களா என்று காதிலும் கேட்கிறது, சுவர் வழியாகவும் கேட்கிறது. என் குரலைக் கேட்டதும் ஆள் பிடிபட்டுவிட்டது, இரண்டு டீயோடு வந்து உட்கார்ந்து, என்ன சார், சேரப்போறது நீங்களா பையனா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு என்றைக்கும் ஆகாது, ஆனால் கேள்வி சரி, அதற்கு அவருக்கும் நன்றிதான்.

வீட்டுக்கு வந்து தம்பியைக் கேட்டேன். பெரியதுல சுத்திக்காட்டின அண்ணன் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம்னே சொல்லிட்டு வந்தார்ப்பா, உங்க இடத்துல ஆய்வுக்கூடத்துல ஒரு அக்கா இந்தக் குழாயைப் பிடின்னாங்க, பிடிச்சேன், சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு, முதல் வருஷமே அங்க வேலை செய்ய விடுவாங்களாம், எனக்கு அதான் பிடிச்சுது, நீங்கதான் அந்த இடத்தைத் திட்டிக்கிட்டே இருக்கீங்க என்றான். அம்மா உள்ளிருந்தபடியே, திட்டுவாரு, ஆனா ஒருநாள் மட்டம் போட்டதில்லை என்றாள். பெரியதில் இடம் கிடைத்தவர்களில் பாதிப்பேர் வேறெங்கோ போய்விடுகிறார்கள், எங்களிடம் கிடைத்தவர்கள் பெரும்பாலும் வந்துவிடுகிறார்கள், இந்தக் கணக்கை வருடாவருடம் போடுவது நான்தான், போக்கிடம் இல்லாமல் வருகிறார்கள் என்றே நினைத்திருந்தேன், பிடித்தும் வருவார்கள் என்று தோன்றியதில்லை.

அவன் எங்களிடமே சேர எனக்குச் சம்மதம். ஆனால் என் வாயால் சொன்னால் கூடவே ஒரு குத்தலும் வந்துவிடும், என்னைத் தெரியாதா உனக்கு. மறக்காமல் நாளைக் காலையில் நீயே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு. நீ எங்கிருந்தாலும் மனநிறைவோடு இருக்கவேண்டும் என்று வாழ்த்துகிறேன். நீ பேசும்போது நான் கூடத்தில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அப்பா