நடுப்பலகை எடுத்த கூண்டு

மாமா,

கடலூரில் அக்காவுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டதாம், தந்தி வந்தது. புவனகிரி வழி பஸ்ஸில் போகிறேன். சாவி பக்கத்து வீட்டுச் செல்லாயியிடம் இருக்கிறது. சோறு உறியில். மோர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

காலேஜ் லேபிலிருந்து நீங்கள் கொண்டுவந்த, கினிப்பன்றி என்று நீங்கள் சொல்லும் சீமைப்பெருச்சாளி ஜோடியின் கூண்டில் அடிக்கம்பி வலையை எடுத்துவிட்டுப் பலகை போட்டிருக்கிறேன். வலை வெள்ளச்சியின் பாதத்தைப் புண்ணாக்கிவிட்டது. மேலே பரப்பிய வைக்கோலைத் தினமும் மாற்றுங்கள். ஒளிந்துகொள்ள ஓட்டைப் பானையைச் சாய்த்து வைத்திருக்கிறேன். எறும்பு ஏறாமலிருக்கக் கூண்டின் நான்கு கால்களுக்கும் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது, வற்றாமல் பாருங்கள்.

"பரிசோதனைக்கு ஒண்ணு குறையுதுன்னு கேக்குறாங்க, குடுத்துத்தான் ஆவணும்" என்றீர்கள். உங்கள் வேலை அப்படி. ஆனால் நான் குளத்துக்குப் போன நேரம் பார்த்து வெள்ளச்சியின் ஜோடி பழுப்பனைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டாம். எனக்குக் கோபம் இல்லை. அழுகையும் வரவில்லை.

வெள்ளச்சிக்கு ஒரு பிடி அருகம்புல் போதும். நான்தான் பழைய பழக்கத்தில் இன்னமும் இரண்டு பிடி அறுத்து வருகிறேன்.

எப்போது திரும்புவேன் என்று தெரியவில்லை.

தையல்நாயகி

எழுத மறந்தது: இரண்டும் சேர்ந்தால் குட்டி போட்டுவிடும் என்று நீங்கள் நடுவில் அடித்த தடுப்புப் பலகையை நேற்றுப் பிடுங்கிவிட்டேன். இனி கூண்டு முழுவதும் வெள்ளச்சிக்குத்தான். ஆனால் அது பழுப்பன் இருந்த பக்கம் போகவில்லை. பலகை இருந்த இடம் வரைக்கும் வருகிறது. அங்கேயே படுத்துக்கொள்கிறது.