தடித்த தந்தி எந்தப் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

மகளின் சிறிய கிட்டாரைப் பழுதுபார்க்கும் கடையிலிருந்து வாங்கி வந்தேன். அவள் தோழியின் வீட்டில் இருக்கிறாள், ஞாயிறன்று வருவாள். பதினொன்றாம் தேதி ஒரு மழலையர் பள்ளியில் இசை ஆசிரியைப் பணிக்கு நேர்முகத் தேர்வு. மூன்று பாட்டு வாசித்துக் காட்ட வேண்டும். இருபத்தாறு வயதில் இது அவள் தேடிப் போகும் முதல் வேலையன்று. அவளுக்குப் பிடித்த முதல் வேலை.

தந்திகள் மிக உயரத்தில் நின்றதால் அழுத்தி அழுத்தி அவள் விரல் நுனிகள் புண்ணாகிவிட்டன. ஆகவே தந்திகளைத் தாங்கும் மேல், கீழ் பிளாஸ்டிக் துண்டுகளுக்குப் பதில் எலும்புத் துண்டுகள், புதிய திருகுகள், உயரக் குறைப்பு. எல்லாவற்றையும் அவளே கடையில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மார்ச் 4, புதன்

எடை அளவுத் துறையில் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பிறர் தராசைச் சோதிப்பவன், தன் வீட்டுக்குள் வந்த பொருளைச் சோதிக்காமல் விடலாமா? ஒரு படத்துடன் ஒப்பிட்டேன். கிட்டாரை நிமிர்த்தி எதிரே நின்று பார்த்தால் தடித்த தந்தி இடப்புறம் இருக்க வேண்டும். இங்கே வலப்புறம். ஆறும் தலைகீழ் வரிசை. எலும்புத் துண்டுகளும் அதே தவறுக்கு விசுவாசமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. தவறில்தான் எத்தனை ஒழுங்கு! மனிதர் எங்கள் துறையில் சேர்ந்திருந்தால் பதவி உயர்வு நிச்சயம்.

கடைக்காரருக்கு மூன்று பக்கக் கடிதம் அனுப்பினேன். ‘இடம், வலம் என்பன தொடக்கப் பள்ளியிலேயே கற்பிக்கப்படுகின்றன’ என்ற வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது.

மார்ச் 5, வியாழன்

கடைக்காரர் தொலைபேசியில் அழைத்தார்.

“சார், பாப்பா கேட்ட மாதிரிதான் வெச்சிருக்கேன். அவங்களையே ஒரு வார்த்தை கேளுங்க.”

குறைந்த எடைக்கல் வைத்திருந்தவர்களும் வாடிக்கையாளர்மீதுதான் பழி போடுவார்கள். கடிதத்தை முழுவதும் படித்தாரா என்று கேட்டேன்.

“ரெண்டாவது பக்கத்துல தூங்கிட்டேன் சார்.”

இணைப்பைத் துண்டித்தேன்.

மகளைக் கேட்கவில்லை. தேர்வு நேரத்தில் அவளைக் கலவரப்படுத்துவானேன்?

மார்ச் 7, சனி

நானே செய்தேன். தந்திகளைக் கழற்றி வரிசையை மாற்றினேன். தடித்த தந்தி, மேல் துண்டில் மெல்லிய தந்திக்கு வெட்டிய காடிக்குள் இறங்க மறுத்தது, அரத்தால் அகலப்படுத்தினேன். தந்திகள் இன்னும் உயரமாகவே பட்டன, கீழ்த் துண்டை உப்புத்தாளில் தேய்த்தேன். கழுத்தின் நடுவே தந்தி ஒரு மில்லிமீட்டர் தாழ வேண்டுமானால் கீழ்த் துண்டு இரண்டு மில்லிமீட்டர் தேய வேண்டும். கடைக்காரருக்கு இது தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

“அவ வரட்டுமே, அப்படி என்ன அவசரம்?” என்றாள் மனைவி. உயரத்தைச் சரிபார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். இயற்பியல் அவளுக்கு எதற்கு?

மார்ச் 8, ஞாயிறு

மகள் வந்தாள். கிட்டாரை எடுத்து மடியில் வைத்தாள். அதன் கழுத்து அவளுடைய வலப்பக்கம் நீண்டது. தலைகீழாக. இல்லை — எனக்குத் தலைகீழாக.

“என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“சரி பண்ணினேன்.”

“நான் இடது கைப்பா.”

“எப்பலேருந்து?” என்று கேட்டேன். கேட்டேனே!

“பொறந்ததுலேருந்து” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

ஆனால் வலக்கையால்தானே எழுதுகிறாள்? ஆம். முதல் வகுப்பில் இடக்கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி வலக்கையில் திணித்தவன் நான். ஒரே மாதத்தில் வழிக்கு வந்தாள். பிழை திருத்தப்பட்டது, கோப்பு முடிக்கப்பட்டது. கிட்டார் வாங்கிய நாளில் ‘கதவைச் சாத்திக்கொண்டு வாசி’ என்றவனும் நானே. எட்டு ஆண்டுகளாகக் கதவைப் பார்த்திருக்கிறேன். என்ன கூர்மையான பார்வை!

அவள் அழவில்லை. தந்திகளை ஒரு முறை தடவிப் பார்த்தாள்.

“இதையும் மாத்திட்டீங்களா” என்றாள்.

அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 9, திங்கள்

விடுப்பு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். என் கடிதம் மேசைக் கண்ணாடியின் அடியில் பத்திரமாக இருந்தது.

“வாங்க சார். இடம் எது, வலம் எதுன்னு இப்பதான் படிச்சிட்டிருக்கேன்.”

“தவறு என்னுடையது” என்றேன். பணிக்காலம் முழுவதிலும் நான் அமைத்திராத வாக்கியம். இலக்கணப்படி சரியாகவே இருந்தது.

கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மேல போச்சு, கீழயும் போச்சு. ரெண்டையும் புதுசா வெட்டணும். பாப்பாவுக்கு என்னைக்குத் தேர்வு?”

“நாளை மறுநாள்.”

“நல்லா பண்ணீங்க, போங்க.” கிளம்பினேன். “எங்க போறீங்க? உக்காருங்க. இந்த உப்புத்தாளப் புடிங்க. நான் கோடு போட்ட வரைக்கும் தேய்ங்க. அதுக்கு மேல உங்க அறிவு வேணாம்.”

கோடு வரை தேய்த்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

மாலையில் கிட்டார் கிடைத்தது. அவள் அறை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அளந்து பார்க்கவில்லை.

மார்ச் 11, புதன்

தேர்வுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 19, வியாழன்

வேலை கிடைத்துவிட்டது. மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கடையில் வாங்க வேண்டியவற்றை எழுதினாள் — இடக்கையால். ஒரு வாரமாகப் பழகுகிறாளாம். ஒவ்வோர் எழுத்தும் ஒரு திசையில் சாய்ந்தது. எழுதி முடித்துத் தாளை என்னிடம் நீட்டினாள்.

நான்காவது வரி சீப்பா, சோப்பா என்று விளங்கவில்லை. கேட்கவில்லை. இரண்டையும் வாங்கி வந்தேன்.