ஐம்பத்து நான்கு படிகள்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் தொலைபேசியை எடுப்பதில்லை என்று இங்குள்ள நர்ஸிடம் புகார் சொன்னாயாம். எடுத்தால் நீ அழுகிறாய். நீ அழுது முடிக்கும்வரை கருவியைக் காதில் வைத்துக் காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. ஆகவே இனிமேல் கடிதம். காகிதத்தில் நீ எவ்வளவு அழுதாலும் எனக்குக் கேட்காது.

நவம்பரில் நடந்ததை ஒரே முறை எழுதிவிடுகிறேன். மழை பெய்தது. காரை நீ ஓட்டினாய். எதிரே வந்த லாரி தடம் மாறியது. நீ ஒரு கீறலும் இல்லாமல் இறங்கினாய். என் இடது கால் முட்டிக்குக் கீழே நசுங்கி, மறுநாள் அகற்றப்பட்டது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவள் நான். வேகம், எடை, ஈரத் தார்ச்சாலை எல்லாவற்றையும் வைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. அந்தக் கணக்கில் உன் பெயர் எங்கும் வரவில்லை.

இந்த மறுவாழ்வு மையத்தில் ஒவ்வொரு சுவரிலும் சூரியன் உதிக்கிற படம் மாட்டியிருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் நிஜச் சூரியனையே பார்க்கலாம். ஆனால் ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. இல்லாத கால் கட்டைவிரல் அரிக்கிறது. சொறிய வழியில்லாத அரிப்பைப் போல மனிதரைக் கிறுக்காக்குவது வேறு எதுவும் இல்லை. செயற்கைக் கால் செய்கிறவர் நேற்று அளவெடுக்க வந்தார்.

"உங்க வீட்டுக்கு எத்தனை படிம்மா?"

"ஐம்பத்து நாலு. மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல."

"கீழ்த்தளத்துல ஏதாவது வீடு பார்க்கலாமே?"

"நான் கால் கேட்டா நீங்க வீடு மாத்தச் சொல்றீங்க. காலை ஒழுங்கா செஞ்சு குடுங்க, வீட்டை நான் பாத்துக்கறேன்."

ஏப்ரல் முதல் வாரம் என் வீட்டுக்குப் போகிறேன். சாவி உன்னிடம் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஜன்னல்களைத் திறந்து வை.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்பு அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் என் மனைவி, "கையெழுத்தே அதட்டுது, அண்ணி நல்லாத்தான் இருக்காங்க" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மருந்துக்கடை வழக்கம்போல ஓடுகிறது. நான் இப்போது பஸ்ஸில்தான் போகிறேன். பழுது பார்த்து வந்த கார் நிழலில் நிற்கிறது. அதன் மேல் பூனை தூங்குகிறது.

ஐம்பத்து நான்கு படி என்று லேசாக எழுதிவிட்டாய். இரண்டு கால் இருக்கிற எனக்கே இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கும். அவசரப்படாதே. உன் சாமான்களைப் பற்றிக் கவலை வேண்டாம், எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

உனக்கு மெத்தென்ற அடியுள்ள ஷூ ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர் மேகத்தில் நடப்பது போல இருக்கும் என்றார். வேளாவேளைக்குச் சாப்பிடு.

என்றும் உன் தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

மேகத்தில் நடக்கப் போய் நேற்றுத் தரையில் விழுந்தேன். செயற்கைக் காலை என் பழைய செருப்பின் குதி உயரத்துக்குச் சரிபார்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். குதி அரை அங்குலம் தாழ்ந்தால் உடம்பே பின்னால் சாய்ந்துவிடும். நடைக்கூடத்துக் கம்பிகளுக்கு நடுவே பிருஷ்டம் பட உட்கார்ந்தேன். கால் செய்கிறவர் ஓடி வந்து, "யாரும்மா இந்த ஷூவை வாங்கிக் குடுத்தது?" என்றார். "என்மேல பாசம் வெச்சவன்" என்றேன். "அப்போ கொஞ்சம் கம்மியா வெக்கச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

அடி ஒன்றும் பலமில்லை. ஷூவைத் திருப்பி அனுப்புகிறேன், பூனைக்குக் கொடு.

இங்கே எட்டுப் படி வைத்த மரப் படிக்கட்டு ஒன்று உண்டு. ஏறினால் எந்த ஊருக்கும் போகாது. அதில் நேற்றுவரை நான்கு முறை ஏறி இறங்க முடிந்தது. ஏழு முறை ஏறினால் என் வீட்டைத் தாண்டி இரண்டு படி மிச்சம். மத்தியானத்தில் எல்லோரும் உறங்க, நான் மட்டும் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன். உட்கார்ந்தால் உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிறது. நிற்க முடியாதவளுக்கு இருப்பும் கொள்ளவில்லை.

ஒரு கேள்வி. சாமான்கள் பத்திரமாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறாய். வைத்த இடத்தில் இருக்கின்றன என்று எழுதவில்லை. நான் ஜன்னலைக் கேட்டேன். நீ சாமானைப் பற்றிச் சொல்கிறாய். சின்ன வயதிலேயே உனக்குப் பொய் சொல்ல வராது, பேச்சைத்தான் மாற்றுவாய். என்ன செய்தாய்?

அக்கா


மார்ச் 15

அன்பு அக்காவுக்கு,

நான்கு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரியிலேயே உன் சாமான்கள் அனைத்தையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பின்பக்க அறை, கீழ்த்தளம், வாசற்படி கூடக் கிடையாது. புத்தகங்கள் எண்ணூற்று முப்பத்தாறு. அலமாரியைத் தட்டுத் தட்டாகப் படம் எடுத்துவைத்து, இங்கே அதே வரிசையில் அடுக்கியிருக்கிறேன். உன் வீட்டுக்கு மே மாதம் ஒரு குடும்பம் வாடகைக்கு வருவதாகப் பேசியிருக்கிறோம்.

லாரியில் சாமான் ஏற்றிய அன்றே என் மனைவி கேட்டாள்.

"அண்ணிகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவா."

"அப்போ பதில் தெரிஞ்சுதான் கேட்காம செய்யறீங்க."

நான் போய் லாரிக் கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

அந்தத் தகரம் கிழிகிற சத்தம் எனக்கு இன்னும் நிற்கவில்லை, அக்கா. கடையில் யாராவது மாத்திரை அட்டையைக் கத்தரித்தாலே கல்லாவை விட்டு வெளியே போய்விடுகிறேன். காலையில் எழுந்ததும் நீ பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டு யாரையாவது திட்டுவது காதில் விழுந்தால் போதும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உன் தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

லாரிக்காரன் என் காலை என்னிடம் கேட்டுக்கொண்டு எடுக்கவில்லை. அவனுக்கு நேரம் இல்லை. உனக்கு இரண்டு மாதம் இருந்தது.

உனக்குச் சத்தம் கேட்கிறது என்பதை நான் நம்புகிறேன். எனக்கும் கேட்கிறது. அதற்கு மருந்தாக என்னைப் பின்பக்க அறையில் வைத்து வேளாவேளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாய். மருந்துக்கடைக்காரன் புத்தி. நான் உன் மாத்திரை ஆக மாட்டேன்.

வருவதாக இருந்த குடும்பத்திடம் இல்லையென்று நீயே நேரில் போய்ச் சொல். சாவியை இரண்டாம் மாடிப் பல் டாக்டரம்மாவிடம் கொடு. ஏப்ரல் மூன்றாம் தேதி என்னை அனுப்புகிறார்கள். அழைத்துப் போக நீ வரக் கூடாது.

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீ பதில் எழுதவில்லை. சாவியைக் கொடுத்திருந்தாய்.

நேற்றுக் காலை வாடகைக் காரில் வந்து இறங்கினேன். ஏறும்போது நல்ல கால் முன்னால், செய்த கால் பின்னால். ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. முதல் திருப்பத்திலேயே பார்த்துவிட்டேன்: வலப்பக்கம் எப்போதும் உள்ள கைப்பிடி, இடப்பக்கம் புதிதாக இன்னொன்று, மூன்று மாடிக்கும். பெயிண்ட் சரியாகக் காயவில்லை. இந்தக் காகிதத்தின் ஓரத்தில் பச்சையாக இருப்பது அதுதான்.

பல் டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். "உங்க தம்பி ரெண்டு நாளா வெல்டிங்காரர் பக்கத்துலயே நின்னாரு. உங்க கார் வர்ற சத்தம் கேட்டதும் பின்வழியா ஓடிட்டாரு. குடியிருப்புல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கித்தான் செஞ்சாரு."

என்னைத் தவிர எல்லோரிடமும் அனுமதி வாங்கியிருக்கிறாய். உன்னைத் திருத்த முடியாது.

வீட்டில் ஆணி அடித்த சுவர்கள் மட்டும் இருந்தன. களைப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிடித்து எழ ஒரு நாற்காலிகூட இல்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து ஜன்னலை அடைந்து, அதன் விளிம்பைப் பற்றி, நான்காவது முயற்சியில் எழுந்தேன். முட்டியில் தோல் உரிந்தது. எழுந்ததும் ஜன்னலைத் திறந்தேன். நவம்பரிலிருந்து அடைத்த காற்று. தெருவில் யாரோ பழைய சைக்கிளுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். முழுவதையும் நின்றே கேட்டேன். கடைசியில் படியவில்லை.

இப்போது சமையல் மேடையில் காகிதத்தை வைத்து நின்றபடி எழுதுகிறேன். இரவல் வாங்கிய பாயில் ஒரு நாள் படுத்தாயிற்று. கட்டில், மேஜை, இரண்டு நாற்காலி, அடுப்பு, பாத்திரங்கள், இவற்றை நாளைக்கே அனுப்பு. நீயும் கூட வா. நாற்காலி இரண்டு கேட்டிருக்கிறேன், கவனித்திருப்பாய்.

புத்தகங்களை அனுப்ப வேண்டாம். அந்த அறையைக் கலைக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து வந்து ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு, பேப்பரைப் படித்து, யாரையாவது திட்டிவிட்டுத் திரும்புவேன். வாரம் ஒன்று என்று எண்ணூற்று முப்பத்தாறும் தீரும்போது எனக்கு வயது எண்பத்தேழு. வகுத்தல் சரிதானா என்று நீயும் ஒருமுறை போட்டுப் பார்.

உன் அக்கா