கொண்டல் காற்றில் நூற்றைம்பது சி.சி.

என் அன்பு அய்யாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள். அண்ணன் இப்போது மாதம் ஒரு ஞாயிறாவது அண்ணியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிடுகிறான். அம்மா திட்டிக்கொண்டேதான் அண்ணிக்கு மீன் ஆய்ந்து கொடுக்கிறாள். இதையெல்லாம் பார்க்க நீங்கள் இல்லையே என்று எனக்கு ஆறவே இல்லை.

அந்த ஐப்பசி காலையில் பக்கத்து வீட்டுக்காரர் ரயிலேறி ராமநாதபுரம் வந்து, என் ஆபீஸ் வாசலில் நின்றார். "அய்யாவுக்கு முடியல. மூத்தவனைக் கேட்டுக்கிட்டே இருக்காக" என்றார். உங்கள் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு போன அண்ணன், அதே ராமநாதபுரத்தில் ஒரு அரிசி மில்லில்தான் இருந்தான். அடுத்த ரயில் சாயங்காலம்.

ஆபீஸ் நண்பன் சலீம் தன் மோட்டார் சைக்கிள் சாவியை நீட்டினான். "இதை எடுத்துட்டுப் போ. முந்நூத்தம்பது சி.சி. ரெண்டு ஆளு ஏறுனா உன் ஸ்கூட்டருக்கு எதிர்காத்துல இழுவை பத்தாது."

நான் வாங்கவில்லை. என் நூற்றைம்பது சி.சி. ஸ்கூட்டர் நாற்பது மைல் வேகத்தில் ஓடும் என்றேன். பொய்யில்லை அய்யா, ஆடியில் மண்டபத்துக்கு வந்தபோது நாற்பதைத் தொட்டது. அன்று மேற்கேயிருந்து கச்சான் காற்று முதுகில் அடித்ததும், நான் தனியாக வந்ததும் என் கணக்கில் வரவில்லை. திரும்பிப் போனது காற்று அடங்கிய விடியலில். பாய்மரப் படகில் போகும்போது காற்றைப் பார்க்காமல் கயிற்றைத் தொடாத குடும்பத்தில் பிறந்தவன், எஞ்சின் வண்டி வாங்கிய அன்றோடு காற்றைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். தவிர, அண்ணனை என் வண்டியில் கொண்டுவந்து இறக்குவதைத் தெருவே பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அண்ணன் மில் அழுக்கோடு வர வெட்கப்பட்டு, வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றினான். பத்து நிமிஷம் ஆனது. ராமநாதபுரம் தாண்டியதும் கிழக்கேயிருந்து கொண்டல் காற்று நேர் எதிரே நின்றது. ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகியும் முள் இருபதுக்கு மேல் ஏறவில்லை. சின்ன எஞ்சின் தன்னிடம் இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டது, அதற்கு மேல் அதனிடம் எதுவும் இல்லை. சலீமின் வண்டியில் போயிருந்தால் குறைந்தது அரை மணி முன்னால் வந்திருப்போம். நாங்கள் வாசலில் இறங்கியபோது நீங்கள் போய்க் கால்மணி நேரம் ஆகியிருந்தது. அண்ணன் சட்டை மாற்றிய பத்து நிமிஷத்தைக் கழித்தாலும் பிந்தித்தான் வந்திருப்போம்.

கடைசியில் நீங்கள் பேசியதை அம்மா போன மாதம்தான் என்னிடம் சொன்னாள். "கொண்டல் எதிர்ல நிக்குது. புள்ளைக மெதுவாத்தான் வருவாக. பொறுத்துப் பாக்குறேன்."

படுக்கையில் கிடந்த உங்களுக்குக் காற்று தெரிந்திருக்கிறது. ரோட்டில் நின்ற எனக்குத் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அண்ணன் ஒவ்வொரு தடவையும் உங்கள் கல்லறைக்குப் போய்விட்டு வந்து என்னிடம் சொல்வான்: "நான் அந்தச் சட்டைய மாத்தாம வந்திருந்தா அய்யா மொகத்தப் பாத்திருப்பேன்லே." நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். சலீம் சாவியை நீட்டியதை அவனிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் என்னோடு பேச்சை நிறுத்திவிடுவானோ, மறுபடி மண்டபத்துப் பக்கமே வராமல் போய்விடுவானோ என்று பயம். அந்தப் பயத்தில் இரண்டு வருஷமாக என் பாரத்தை அவன் தலையில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும், உங்கள் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் அய்யா. அவன் என்னை அடித்தாலும் சரி. அந்தச் சட்டையைப் பற்றி இனி அவன் ஒரு நாளும் பேசக்கூடாது.

உங்களைக் காக்க வைத்த சின்ன மகன்,
சூசை