தாரணி சொன்ன என் அப்பா

ஜூன் 2, திங்கள்

நல்ல வெயில். ஏற்காட்டு மலைகூட வெளிறித் தெரிகிறது. ஹாஸ்டல் அறை தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே. மத்தியானம் குழாயைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர்.

கொண்டுவந்தவை: பக்கெட், பூட்டு, கொசுவலை, அம்மா கொடுத்த பருப்புப்பொடி. மறந்தவை: நகவெட்டி, குடை.

சம்மர் செஷன் நான்கு வாரம். ஐந்து வருட மேனேஜ்மெண்ட் படிப்பு, அத்தனை பேர் பரீட்சை எழுதி எனக்குக் கிடைத்துவிட்டது என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். ஆனால் பட்டியலில் என் பெயருக்கு நேராக ஒரு நட்சத்திரக் குறி. இண்டர்வியூவில் மார்க் குறைந்தவர்களுக்கு அது. செஷன் முடிவில் மறுபடி இண்டர்வியூ, தேறாவிட்டால் வீட்டுக்கு. அதற்குள் மற்ற காலேஜில் எல்லாம் சீட் முடிந்திருக்கும். பெரியப்பா ஜாதகத்தை வெளியே எடுத்துவிடுவார்.

நட்சத்திரத்தைப் பற்றி வீட்டில் சொல்லவில்லை.

ஒரே நிம்மதி தாரணி. நாமக்கல் பள்ளி ஹாஸ்டலில் இரண்டு வருடம் பக்கத்துக் கட்டில். இங்கேயும் அப்படியே. அவளுக்கு நட்சத்திரம் இல்லை. இனிமேல் தா. என்றே எழுதுகிறேன். பழைய கெமிஸ்ட்ரி ரெக்கார்டின் கடைசிப் பக்கங்கள் இவை. யாரும் திறக்க மாட்டார்கள்.

ஜூன் 4, புதன்



வகுப்பில் ஒவ்வொருவரும் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களை இண்டர்வியூ எடுத்த அதே கண்ணாடி சார். தா. எழுந்தாள். அவள் அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லராம். வடக்கே வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டாராம். ராத்திரி போன் பண்ணினால் பேசமாட்டாராம், போனைக் கம்ப்ரசர் பக்கம் காட்டுவாராம். அந்தச் சத்தம் கேட்டால் நல்லா இருக்கிறார் என்று அர்த்தமாம். அதைக் கேட்டுவிட்டுத்தான் அம்மா தூங்குவாளாம். ஒரு நாள் சத்தம் வரவில்லையாம். அன்றுதான் துளை போடும் இரும்பு ராடு நழுவி வலது கையில் இரண்டு விரல் போனதாம்.

அது என் அப்பா. என் அம்மா.

தா.வின் அப்பாவுக்குக் கோழிப்பண்ணை. ரிக் வண்டியை அவள் ரோட்டில்தான் பார்த்திருப்பாள்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். இண்டர்வியூவில் கேட்டதிலிருந்து மறக்கவே முடியவில்லை என்றார். அடுத்து நான். பெயர் சொன்னேன், ஊர் திருச்செங்கோடு பக்கம் என்றேன், அப்பா விவசாயி என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதுதான் புரிகிறது. இண்டர்வியூவில் அவள் முதலில் போனாள், நான் பின்னால். நான் கம்ப்ரசர் என்று சொன்னதுமே எதிரே இருந்த சார்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனப்பாடம் என்று நினைத்திருப்பார்கள். நட்சத்திரம் அங்கேதான் விழுந்தது.

ஜூன் 5, வியாழன்

பள்ளியில் மிஸ் ஒருவரிடம் மட்டும்தான் அதைச் சொன்னேன். இண்டர்வியூவுக்குத் தயார் செய்யும்போது, உண்மையாக எதையாவது சொல்லு என்று கேட்டார். அழுதுகொண்டே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். எதற்கு எழுதுகிறார் என்று நான் கேட்கவில்லை.

நன்றாக எழுதியவளின் பேப்பரை ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுப்பது எங்கள் பள்ளி வழக்கம். மாடல் ஆன்சர். வரி பிசகாமல் ஒப்பிக்க வேண்டும்.

மெஸ்ஸில் வரிசையில் நிற்கும்போது தா.விடம் கேட்டேன். மறைக்கவே இல்லை.

"மிஸ் குடுத்தாங்க, படிச்சேன். என் கெமிஸ்ட்ரி பேப்பரை நீ ரெண்டு வருஷம் மனப்பாடம் பண்ணலையாடி? நான் ஒரு நாளாவது கேட்டனா?"

"அது கெமிஸ்ட்ரி. இது எங்கப்பா."

"எனக்குக் கோழிதான் இருக்குது. கோழியச் சொன்னா எவன் சீட்டுக் குடுப்பான்?"

பின்னால் நின்றவள் சிரித்துவிட்டாள், கோழி என்று மட்டும்தான் அவள் காதில் விழுந்திருக்கும். உப்புமா வாங்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனேன்.

ஜூன் 8, ஞாயிறு

மிஸ்ஸுக்கு போன் செய்தேன். குரலில் அவ்வளவு சந்தோஷம். ரெண்டு பேருக்கும் கிடைத்துவிட்டதே, அப்புறம் என்னம்மா என்றார். எங்கள் இரண்டு பேர் போட்டோவையும் சேர்த்துப் பள்ளி வாசலில் பேனர் வைத்திருக்கிறார்களாம்.

துணி துவைத்தேன். மேலே காய்ந்த சுடிதார் ஒன்றைக் காணோம்.

ஜூன் 17, செவ்வாய்

சார் அறை வாசல் வரை போனேன். உள்ளே ஆள் இருந்தது. காத்திருந்தேன். என்ன சொல்வது? அது என் அப்பா என்றால், ஒப்பித்தவளே வந்து உரிமை கேட்கிறாள் என்பார். நம்பினாலோ தா. போய்விடுவாள். அவள் போகட்டும் என்றுதான் நினைத்தேன். இருந்தும் கதவு திறந்தபோது மாடிப்படி இறங்கிவிட்டேன்.

ராத்திரி அவள் எனக்கும் சேர்த்துக் கொசுவலை கட்டினாள். 

ஜூன் 29, ஞாயிறு

பெற்றோர் வரும் நாள். அம்மாவும் அப்பாவும் அயோத்தியாப்பட்டணத்தில் பஸ் இறங்கி ஆட்டோவில் வந்தார்கள். வடக்கே மழை பிடித்துவிட்டதால் வண்டிகள் எல்லாம் ஊர் திரும்பிவிட்டன. அப்பாவைப் பார்த்து நாலு மாதம். கறுத்திருக்கிறார். "என்ன சாமி, ஒடம்பு எளைச்சுப் போச்சு" என்றார். அவர் என்னைச் சொல்கிறார்!

தா. தன் அப்பாவை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அவருக்குப் பத்து விரலும் இருக்கிறதே. தனியாக நின்றவளை அப்பாதான் கூப்பிட்டு உட்காரவைத்தார். வேப்பமரத்தடி. புளிச்சோறு, முட்டை.

சார் அந்தப் பக்கமாக வந்தார். சோற்றுத் தூக்குப்போசியைப் பிடித்திருந்த அப்பாவின் கையைப் பார்த்தார். நின்றார்.

"நீங்க தாரணி அப்பாவா?"

தா. வாயில் சோறு, விழுங்கவில்லை. நான் அப்போது சொல்லியிருக்கலாம். அப்பா அவளைப் பார்த்தார். பெற்றவர்கள் வராத பிள்ளை என்று காலையிலிருந்து அவளுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தவர்.

"ஆமாங்க சார். நம்ம புள்ளதானுங்க."

சார் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இப்பவும் போன்ல கம்ப்ரசர் சத்தம்தானா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா கையை மெல்ல உருவிக்கொண்டார்.

சார் போன பிறகு தா.வை அப்பா ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான்.

"அது நம்ம ஊட்டுச் சங்கதி. அத எதுக்கு சாமி வெளிய சொன்னே?"

அவள் திருடினாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்டது அது இல்லை. மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். கேட்டில் அம்மா மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் தா. அழுதாள். பிறகு முகம் கழுவி வந்து உட்கார்ந்து ஒரு தாள் நிறைய எழுதினாள். என் தலையணை மேல் வைத்தாள்.

"எங்க பண்ணைக் கதைய நீ எடுத்துக்கடி. அத நான் எங்கயும் சொல்லல."

நாளை பத்து மணிக்கு இண்டர்வியூ. முதல் கேள்வி குடும்பத்தைப் பற்றித்தான். அப்பாவைப் பற்றி இனி நான் வாய் திறக்க முடியாது. கிழித்துப் போடத்தான் தாளை எடுத்தேன், படித்துவிட்டேன். இருட்டில் ஷெட்டுக்குள் நடந்து போகும்போது, அத்தனை கோழிகளில் ஒன்று மூச்சுக்குத் திணறினாலும் அவள் அப்பா நின்றுவிடுவாராம். அவளையும் நின்று கேட்கச் சொல்வாராம். லீவு முடிந்து பள்ளிக்கு வரும்போது துணியில் பண்ணை வாடை அடிக்கிறதா என்று பஸ்ஸில் ஏறும்வரை முகர்ந்துகொண்டே வருவாளாம். இரண்டு வருடம் பக்கத்தில் படுத்திருந்தும் எனக்கு இது தெரியாது.

ஒரே தடவைதான் படித்தேன். வரி பிசகாமல் வருகிறது.